இருபதுக்குப் பத்தொன்பது

தம்போயில் எங்கள் தாமான் குடியிருப்பில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. பக்கத்து வீட்டு அக்கா நான் பாலர் பள்ளி நடத்துவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். என் சித்தி கல்யாண வீடுகளில் என்னை அறிமுகப்படுத்தும்போது வெல்ஃபேரில் இருக்கிறாள் என்று சொல்லி முடித்துவிடுவார். என் அட்டையில் சிறார் பாதுகாப்பு நிபுணர் என்று அச்சடித்திருக்கிறது. நிபுணர் என்ற அந்தச் சொல்லைப் பார்த்தாலே இப்போது எனக்கு எரிச்சல் வருகிறது. மிச்சமிருந்த அட்டைகளின் பின்பக்கத்தில் மளிகைச் சாமான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வெளிநாட்டு நிதியில் ஓடும் ஓர் அமைப்பு எங்களுடையது. தலைமையகம் வேறொரு கண்டத்தில் இருக்கிறது. அவர்களுக்காகப் பல வருடங்கள் மூன்று நாடுகளின் அகதி முகாம்களில் வேலை செய்துவிட்டு, அம்மாவுக்கு முடியாமல் போனதும் ஊருக்கு மாற்றல் கேட்டு வந்தேன். ஜொகூரில் என் பொறுப்பில் நான்கு கற்றல் நிலையங்கள் இருந்தன. அதில் ஒன்று காஹாங்கைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்து ஓரத்தில், ஒரு பழைய வீட்டில் நடந்தது. மதியம் இரண்டரைக்குத் தொடங்கி மாலை ஆறு வரை. முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வருவார்கள். ஒரே ஓர் ஆசிரியை, குளுவாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்துபோகிற இளம்பெண்.

அங்கே வந்த பிள்ளைகள் யாருக்கும் சூராட் பெரானாக் கிடையாது. பிறப்புப் பத்திரத்துக்கு எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்லும் பெயர் அது. அவசரத்தில் வெறும் சூராட். அப்பா உள்ளூர்த் தமிழர், அம்மா கடல் கடந்து வந்தவர், கல்யாணத்தைப் பதியவில்லை, பிள்ளை வீட்டிலேயே பிறந்தது, அவ்வளவுதான் கதை. பத்திரம் இல்லையென்றால் பள்ளிக்கூடம் இல்லை, பிற்காலத்தில் ஐசி என்கிற அடையாள அட்டை இல்லை. எழுத்தில் பார்த்தால் அந்தப் பிள்ளை பிறக்கவே இல்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகளில் யாருக்கு முதலில் உதவுவது என்று முடிவு செய்யத்தான் நான் அந்தப் படிவத்தை உருவாக்கினேன். யாரும் என் தலையில் கட்டவில்லை. நானே உட்கார்ந்து உருவாக்கினேன். பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். பத்திரம் இல்லையா, இரண்டு. அம்மா உடன் இல்லையா, இரண்டு. பக்கத்தில் சொந்தக்காரர்கள் இல்லையா, வீட்டில் தொலைபேசி இல்லையா, இப்படிப் போகும். கடைசிப் பத்தி என் சொந்தச் சேர்க்கை. ஒரு நாளில் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை வீட்டில் பெரியவர் யாரும் இருப்பதில்லை என்று மணிக்கணக்கில் எழுத வேண்டும். வேறு எந்த அமைப்பின் படிவத்திலும் அந்தப் பத்தி இருந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

மொத்தம் இருபது. எண் கூடக் கூட ஆபத்து அதிகம். பதினைந்துக்கு மேல் போனால் சிவப்பு.

லயத்து வீடுகளில் ஏறி இறங்கி அந்தப் படிவத்தை நிரப்பியதும் நான்தான். அந்தப் பெண்ணின் வீடு வரிசையின் கடைசியில், மரங்கள் தொடங்குகிற இடத்தில் இருந்தது. பதினொரு வயது. அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். விடியுமுன்னே நீளக் கழியில் கட்டிய அரிவாளோடு போய்விட்டு இரண்டு மணிக்குத்தான் திரும்புவார். அம்மா கடலுக்கு அக்கரையில் பாத்தாம் தீவுக்குப் போய் மூன்று வருடமாகிறது. பெண்ணே சோறு வடித்து, தட்டுப் போட்டு மூடி வைத்துவிட்டு, அப்பாவுக்காகக் காத்திருக்கும். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் எழுந்து நின்று பதில் சொல்லியது. உட்காரம்மா என்றாலும் உட்காரவில்லை. பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட மரியாதை அதிகம்.

நான் கூட்டிப் பார்ப்பதை எட்டிப் பார்த்துவிட்டு, எத்தனை மார்க் என்று கேட்டது. பத்தொன்பது என்றேன். அதன் முகம் மலர்ந்ததை என்ன சொல்வேன். வேற யாரு டீச்சர் இத்தன எடுத்தா, என்று அடுத்த கேள்வி. யாருமில்லை, நீதான் முதல் என்றேன். அது உண்மை. முப்பது சொச்சம் பிள்ளைகளில் அவ்வளவு ஆபத்தில் வேறு யாருமில்லை.

"ஒரு மார்க் எதுல போச்சு டீச்சர்?"

பெற்றோரில் ஒருவர் உடன் இருந்தால் ஒரு மதிப்பெண் கழிக்க வேண்டும் என்று வைத்திருந்தேன். அப்பா இருந்ததால் போன மதிப்பெண் அது. அதை அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? காலையிலிருந்து வெயிலில் நடந்த களைப்பில் எனக்கு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது. அடுத்த தடவை முழுசா எடுத்துடலாம்லா என்று சொல்லிச் சிரித்தேன். அதுவும் சிரித்தது. இந்த வாயை என்ன செய்தால் தகும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. வீட்டில் யாருக்காவது பிறந்தநாள் என்றால், வசதியுள்ளவர்கள் ஓர் இல்லத்துக்கோ நிலையத்துக்கோ போய்ப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுவார்கள். பிரியாணிப் பொட்டலம், ஒரு கேக், ஆளுக்கொரு பென்சில் பெட்டி. நல்ல வழக்கம்தான். வயிறு நிறைகிறது, வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? எனக்கும் அவர்களுக்கும் சண்டை வருவது புகைப்படத்தில். கேக் வெட்டும்போது அத்தனை கைப்பேசியும் வெளியே வந்துவிடும். பிள்ளைகளின் முகம் தெரியப் படம் எடுக்கக்கூடாது என்பது எங்கள் சட்டம். எடுத்துவிட்டால் முகத்தின் மேல் மஞ்சள் சிரிப்புப் பொம்மையை ஒட்டித்தான் போட வேண்டும் என்று பின்னாலேயே நின்று ஒட்ட வைப்பேன். ஒரு முறை ஒரு தொழிலதிபரின் மனைவி, என்னை ஹிட்லர் என்று என் காதுபடவே சொன்னார். நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அதனால்தான் அந்தத் தம்பதியை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

கூலாயிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். ஐம்பதை ஒட்டிய வயது. அந்த அம்மா பெரிய பொட்டு வைத்து, பருத்திப் புடவையில், கோயிலுக்குப் போகிற முகத்தோடு வந்தார். கணவர் அதிகம் பேசமாட்டார். பொட்டலங்களைத் தூக்கி வைத்துவிட்டுச் சுவரோரம் நிற்பார். மகனுக்குப் பிறந்தநாள், அவன் சிங்கப்பூரில் படிக்கிறான், வர முடியவில்லை என்றார்கள். கேக்கில் பெயர் எழுதியிருக்கவில்லை. வருகையாளர் படிவம் நான்கு பக்கம். மற்றவர்கள் முனகிக்கொண்டே கையெழுத்துப் போடுவார்கள். இவர்கள் உட்கார்ந்து முழுவதும் படித்தார்கள். படம் எடுக்கக்கூடாது என்று நான் வாயைத் திறக்கும் முன்பே அந்த அம்மா, "அதெல்லாம் தப்பு சிஸ்டர், பிள்ளைங்க முகத்த வெளிய காட்டக்கூடாது" என்றார். கைப்பேசியைக் கைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை.

வாசலில் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, முதுகு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று நானே சலுகை கொடுத்தேன். வேண்டாம் என்று கணவர் கையை ஆட்டி ஒதுங்கிக்கொண்டார். என்ன அடக்கம் என்று ஆசிரியையிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். பிள்ளைகளோடு ஒரே படத்தில் தங்கள் முகம் இருக்கக்கூடாது என்று ஒருவர் நினைக்க வேறு காரணமும் இருக்கலாம் என்பது என் நிபுணத்துவத்துக்கு எட்டவில்லை.

அவர்களிடம் படிவத்தில் ஐசி எண் எழுதி வாங்கினேன். ஐசியைக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. சட்டப்படி கேட்டிருக்க வேண்டும். வெள்ளைக்காரர் வந்தால் கடவுச்சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவள் நான். ஆனால் தமிழ் ஆட்கள், கும்பிட்டுப் பேசுகிறவர்கள், கையில் சாப்பாட்டோடு வந்து நிற்பவர்கள். சோறு போட வந்தவரிடம் ஐசி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாவது தடவை அவர்கள் வந்தபோது பிறந்தநாள் எதுவும் இல்லை. பழமும் பிஸ்கட்டும் கொண்டுவந்தார்கள். அந்த அம்மா பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து தலை பின்னிவிட்டார். யாருடைய அப்பா எங்கே வேலை, எத்தனை மணிக்கு வருவார் என்று பின்னிக்கொண்டே கேட்டார். போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டு, கணவரின் தம்பி வக்கீல், சூராட் கேஸ்களைக் காசு வாங்காமல் எடுத்து நடத்துகிறவர் என்றார். எத்தனை பிள்ளைகள், யார் யாருடைய நிலைமை என்ன என்று தெரிந்தால் அவர் முதலில் யாருக்குப் போடலாம் என்று பார்ப்பார் என்றார்.

அந்த இடத்தில் நான் எப்படி இருந்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு வருடமாக விண்ணப்பம் விண்ணப்பமாக எழுதி, ஒரு பிள்ளைக்கும் நான் பத்திரம் வாங்கிக் கொடுத்திருக்கவில்லை. வீட்டுக்கு வீடு போய்க் கேள்வி கேட்டு மதிப்பெண் போட்டதுதான் மிச்சம். காய்ந்த மாடு கம்பில் விழுந்தது போல விழுந்தேன். வக்கீலின் அட்டை இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். அடுத்த தடவை கொண்டுவருகிறேன் என்றார்.

அதற்குக் காத்திராமல் அன்றே, சிவப்பில் இருந்த பன்னிரண்டு பிள்ளைகளின் பட்டியலை, அதிக மதிப்பெண் மேலே வர, நகலெடுத்தேன். அப்படியே கொடுத்துவிட நான் என்ன அறியாதவளா? எங்கள் தொழிலின் முதல் பாடம் பெயரை மறைப்பது. தடித்த கறுப்பு மார்க்கரால் பன்னிரண்டு பெயர்களையும் அழித்தேன். சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எழுத்து தெரிகிறதா என்று பார்த்தேன். ஒன்றில் லேசாகத் தெரிந்தது. அதன் மேல் இன்னொரு தடவை தேய்த்தேன். வயது, வீட்டு எண், அம்மா எங்கே, சொந்தக்காரர் உண்டா, பெரியவர் இல்லாத நேரம், மதிப்பெண், எல்லாம் அப்படியே இருந்தன. பெயர் இல்லையென்றால் பிள்ளை பத்திரமாக இருக்கும் என்று உலகம் முழுக்க நாங்கள் நம்புகிறோம். சகுனம் பார்க்கிறவர்களைக் கேலி செய்துகொண்டே நாங்கள் வைத்திருக்கும் மூடநம்பிக்கை அது.

அந்த அம்மா தாளை வாங்கி நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார். மேலோட்டமாகக்கூடப் பார்க்கவில்லை. கணவர்தான் காருக்குப் போனதும் கேட்டு வாங்கிப் படித்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். விரலை வரி வரியாகக் கீழே இறக்கிக்கொண்டு போனவர், பிறகு மறுபடியும் மேலே கொண்டு போய் நிறுத்தினார். நான் வாசலில் நின்று கையசைத்து வழியனுப்பினேன்.

வேலி பயிரை மேயும் என்பார்கள். நான் மேயவில்லை. வேலி எங்கே தாழ்ந்திருக்கிறது, எந்த நேரத்தில் காவல் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். மாடு உள்ளே வர வேறு என்ன வேண்டும்?

அடுத்த வாரம் நான் வேறொரு நாட்டில், ஒரு ஹோட்டல் மண்டபத்தில் இருந்தேன். என் படிவத்தை மற்ற நாட்டுக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லும் கூட்டம். திரையில் அதே பட்டியல், அதே கறுப்புக் கோடுகள். கடைசிப் பத்தியைப் பற்றிச் சொன்னபோது ஒருவர் எழுந்து நின்று பாராட்டினார். அது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று மாலை ஆசிரியையிடமிருந்து ஏழு அழைப்புகள் வந்திருந்தன. கைப்பேசியைச் சத்தமில்லாமல் வைத்திருந்தேன். எட்டாவதை எடுத்தேன். வகுப்புக்கு வரவில்லை, வீட்டிலும் இல்லை என்றாள். யார் என்று நான் கேட்கவில்லை. பட்டியலின் முதல் வரி என் கண் முன்னால் வந்து நின்றது.

நடந்தது இவ்வளவு. அப்பா இரண்டு மணிக்கு வந்தபோது சோறு வடித்து மூடியிருந்தது. மகள் முன்கூட்டியே வகுப்புக்குப் போயிருப்பாள் என்று நினைத்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். ஆறு மணிக்கு மேல் தேடத் தொடங்கினார். பக்கத்து வீட்டில் ஆறு வயதுப் பெண்குழந்தை ஒன்று இருந்தது. அதுதான் பார்த்தது. காலையில், அவர் வேலைக்குப் போய் வெகுநேரம் கழித்து, வெள்ளைக் கார் வந்தது. தலை பின்னிவிட்ட ஆன்ட்டி இறங்கினார். ஒரு தாளைக் காட்டினார். சூராட்டுக்குப் படம் எடுக்க வேண்டும், டீச்சர்தான் அனுப்பினார் என்றார்.

அக்கா பயப்படவில்லையா, அழவில்லையா என்று குழந்தையைக் கேட்டோம்.

"இல்ல. மார்க்குப் பேப்பரக் காட்டுனாங்க. ஃபர்ஸ்ட் வந்தவங்களுக்குத்தான் மொதல்ல சூராட்டாம். அக்கா நல்ல சட்ட மாத்திக்கிட்டுப் போச்சு."

இரவு விமானத்தில் கிளம்பி, விடிந்ததும் காஹாங்கில் இருந்தேன். பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், ஆசிரியையும் அப்பாவும் ஏற்கனவே புகார் கொடுத்திருந்தார்கள். போலீசைக் குறை சொல்லமாட்டேன். அந்த அதிகாரி என்னை உட்கார வைத்துப் பொறுமையாகத்தான் கேட்டார். பிறப்புப் பத்திர எண்? இல்லை. புகைப்படம்? அப்பாவிடம் ஒன்றுகூட இல்லை. வைத்திருந்த கைப்பேசியில் எடுத்ததெல்லாம் அது தண்ணீரில் விழுந்தபோதே போய்விட்டது. உங்கள் நிலையத்தில் இருக்குமே என்று என்னைப் பார்த்தார். பிள்ளைகளைப் படம் எடுக்கக்கூடாது என்பது எங்கள் சட்டம் என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, அடையாளம் சொல்லுங்கள் என்றார். பதினொரு வயது. லயத்துக் கடைசி வீடு. காலை ஐந்தரையிலிருந்து இரண்டு வரை வீட்டில் யாரும் இருப்பதில்லை. அம்மா பாத்தாமில். பக்கத்தில் சொந்தமில்லை. ஒப்பித்துக்கொண்டே போனேன். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு, "முகம் புவான், முகம் எப்படி இருக்கும்" என்று மலாயில் கேட்டார். வட்ட முகமா, நீள முகமா? மச்சம், தழும்பு ஏதாவது? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முகம் மலர்ந்தது என்று எழுதுகிறேனே, அந்த மலர்ச்சி மட்டும்தான் நினைவில் இருக்கிறது; முகம் இல்லை. அந்தப் பிள்ளை முன்னால் நின்றிருந்த அரைமணி நேரமும் நான் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது புருவத்துக்கு மேலே சின்ன வெட்டுத் தழும்பு இருக்கும் என்று அப்பா பின்னாலிருந்து சொன்னார்.

பிறகு மூன்று நாள் நானும் ஆசிரியையும் செய்த வேலையை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. இதுவரை பிறந்தநாள் கொண்டாட வந்த எல்லாருடைய ஃபேஸ்புக் பக்கத்தையும் தோண்டினோம். கேக்கைச் சுற்றி வரிசை வரிசையாகப் பிள்ளைகள், எல்லாக் கழுத்துக்கும் மேலே மஞ்சள் சிரிப்புப் பொம்மை. நான் பின்னால் நின்று ஒட்ட வைத்தவை. ஹிட்லர் என்று திட்டினாரே அந்த அம்மா, அவருக்குப் போன் போட்டு, ஒட்டாத படம் ஏதாவது அழிக்காமல் வைத்திருக்கிறீர்களா என்று கெஞ்சினேன். நான் சொன்னதற்காகவே எல்லாவற்றையும் அழித்துவிட்டதாகச் சொல்லி அழுதார். கடைசியில் ஒரு படம் கிடைத்தது. பொம்மைக்குப் பின்னால் ஒரு காதும், பின்னலின் பாதியும், நீல ரிப்பனும் தெரிந்தன. ரிப்பனை வைத்து ஆசிரியைதான் அடையாளம் சொன்னாள்.

அந்தத் தம்பதி எழுதிக் கொடுத்த ஐசி எண்கள் யாருடையவையும் அல்ல. கூலாயில் அவர்கள் சொன்ன தாமான் இருந்தது, அந்த வீட்டு எண் இல்லை. அவர்களுக்கும் படம் கிடையாது.

அமைப்பு விசாரணை நடத்தியது. இரண்டு பேர் விமானத்தில் வந்து, என்னோடு மூன்று மணி நேரம் கனிவாகப் பேசினார்கள். ஐசியைச் சரிபார்க்காதது குறை; மற்றபடி பகிர்ந்த ஆவணத்தில் பெயர்கள் மறைக்கப்பட்டிருந்ததால் ரகசியக் காப்பு விதி மீறப்படவில்லை என்று எழுதினார்கள். ஓய்வு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். என்னை வேலையை விட்டுத் தூக்கியிருந்தால் அவர்கள்மேல் எனக்கு மதிப்பு வந்திருக்கும். அந்தக் கடைசிப் பத்தியை நீக்குங்கள் என்று நான்கு முறை எழுதினேன். அடுத்த திருத்தத்தில் பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. இப்போது இன்னும் இரண்டு மொழிகளில் அந்தப் படிவம் இருக்கிறது. எங்கோ ஒரு வீட்டு வாசலில் யாரோ ஒருத்தி இன்றைக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டு மணியைக் குறித்துக்கொண்டிருப்பாள்.

நிலையத்தில் பிள்ளைகள் பாதியாகிவிட்டார்கள். வருகிறவர்களும் என் கையில் பேனாவைப் பார்த்தால் ஆசிரியைக்குப் பின்னால் போய் நிற்கிறார்கள். சிவப்பில் இருந்த மற்ற பதினொரு வீடுகளுக்கும் போய், வேற்றாள் யார் வந்து என் பெயரைச் சொன்னாலும் நம்பாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஓர் அம்மா கதவைத் திறக்காமலே, சன்னல் வழியாக, உங்களையும்தானே என்று கேட்டார். ஆமாம், என்னையும்தான் என்றேன்.

அந்த அப்பாவின் வீட்டுக்கு மாதம் ஒரு முறை போகிறேன். முதல் சில மாதங்கள் அவர் காப்பி மட்டும் கலக்கி வைப்பார். திட்டினால் தேவலை என்று இருக்கும். ஒரு நாள், நான் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"நீங்க மார்க்கக் கொறச்சுப் போட்டிருக்கலாம்லா டீச்சர். எம்புள்ள ஒங்ககிட்ட ஒதவின்னு வந்தா நின்னுச்சு."

அதில் கோபம் இல்லை. தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிப் பார்க்கிற மனிதரின் குரல். நெடுஞ்சாலையில் கூலாய்க்குப் பிரியும் வழியில் காரை ஓரங்கட்டி, வெகுநேரம் அழுதேன். அந்தத் தாமானுக்குள் போய் மறுபடியும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன். இப்போதும் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் சுற்றுகிறேன். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று எனக்கே தெரிகிறது. ஒவ்வொரு வீட்டுக் கார்நிறுத்தத்திலும், வீட்டு வேலைக்கு வைக்கப்பட்டுத் துடைப்பத்தோடு நிற்கும் பெண்பிள்ளை யாராவது இருக்கிறாளா, இடது புருவத்தில் தழும்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

போன மாதம் போனபோது அவர் சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே அந்தத் தாள் இருந்தது. நான் கொடுத்த அதே தாள்தான். அன்று காலை கார் ஏறும் முன், அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று மகள் அதை ஆன்ட்டியிடம் கேட்டு வாங்கி, சோற்றுத் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. போலீஸ் நகல் எடுத்துக்கொண்டு, கொஞ்ச காலம் கழித்து மூலத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். நகலைத்தான் நான் பார்த்திருந்தேன். உலகத்தில் தன் மகளைப் பற்றி எழுதியிருக்கிற ஒரே தாள் இதுதான் என்று அவர் சொன்னபோது, மறைக்காத பட்டியல் என்னிடம் இருக்கிறது, பெயரோடு அச்சடித்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். இது மகள் கையால் தொட்ட தாள்.

"பேர எதுக்கு மறைச்சீங்க டீச்சர்?"

பாதுகாப்புக்கு என்றேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு தாளை வெளிச்சத்துக்குத் திருப்பி, குலை வெட்டிக் காய்த்துப்போன விரலை முதல் வரியில் வைத்துக் காட்டினார். நகலில் விழாத அளவுக்கு லேசான பென்சில் எழுத்து. என் கறுப்புக் கோட்டுக்கு மேலே, மிச்சமிருந்த இடத்தில், குனிந்து பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, நிறுத்தி நிறுத்தி, அந்தப் பிள்ளை தன் பெயரை எழுதியிருந்தது. மார்க்குத் தாளில் டீச்சர் பேர் போட மறந்துவிட்டார் என்று நினைத்திருக்கும்.